பக்கத்து வீட்டை இடிக்கப் போகிறார்கள், தெருவைக் காப்பாற்ற முடியுமா?

சிங்கப்பூர் ஜூ சியாட் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எங்கள் தெருவில் 18 பழைய வரிசை வீடுகள். எங்களுடையது தாத்தா வாங்கியது. இரண்டு வீடுகள் அண்மையில் கைமாறின, இடித்துக் கட்டப் போவதாகப் பேச்சு. தெருவை மரபுடைமைப் பகுதியாக அறிவிக்கக் கோரி 14 வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். 80 விழுக்காடு சேர்ந்தால் போதும் என்கிறார் எதிர்வீட்டு அங்கிள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. சரியா?"

அங்கிள் இதைக் கூட்டு விற்பனையோடு போட்டுக் குழப்பிக்கொண்டார். பத்து ஆண்டைத் தாண்டிய காண்டோவை, அதாவது தனியார் அடுக்குமாடியை, மொத்தமாக விற்பதற்குத்தான் அந்த 80 விழுக்காடு. சொல்லப்போனால் அது இடிக்கிறவர்களின் கணக்கு. பேர்ல் பேங்க் அடுக்குமாடியைக் காப்பாற்ற அங்கே குடியிருந்தவர்களே சிலர் முயன்றார்கள். 2018இல் அது 728 மில்லியன் வெள்ளிக்கு விலைபோனது. கட்டடம் இன்று இல்லை.

மரபுப் பாதுகாப்புக்கு வாக்கெடுப்பு கிடையாது. திட்டமிடல் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, கட்டடக்கலை, வரலாறு, மரபு, அழகு இவற்றில் ஏதாவது ஒன்றில் தனிச்சிறப்பு உண்டு என்று அமைச்சர் கருதினால், பெருந்திட்டத்தை (நாட்டின் நிலப் பயன்பாட்டுத் திட்டம்) திருத்தி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கலாம். ஒரே ஒரு கட்டடமாக இருந்தாலும் போதும். 18 பேரும் கையெழுத்துப் போட்டாலும் அவர் அறிவித்தாக வேண்டும் என்றில்லை. ஒருவருமே போடாவிட்டாலும் அறிவிக்கலாம். ஆனாலும் நகர மறுசீரமைப்பு ஆணையம் உரிமையாளர்களின் மனநிலையைப் பார்க்கத்தான் செய்யும். அதனால் உங்கள் 14 கையெழுத்து வீணில்லை. மனுவை ஆணையத்துக்கும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.

லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், சைனாடவுன் 1989இலேயே பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலில் ஏறின. குடியிருப்பு என்று பார்த்தால் எமரல்ட் ஹில் இருக்கிறது. 2003இல் தியோங் பாருவில் பழைய அடுக்குமாடி புளோக்குகள் 20 சேர்ந்தன. அதாவது வசிப்பிடம் என்பதற்காக யாரும் ஒதுக்குவதில்லை.

மனுவில் "எங்கள் தாத்தா வாழ்ந்த வீடு" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. தேசிய ஆவணக் காப்பகத்தில் 1884 முதல் 1969 வரையிலான கட்டட வரைபடங்கள் உண்டு. உங்கள் தெருவின் வரைபடம் கிடைத்தால் யார் கட்டியது, எந்த ஆண்டு, முகப்பு எப்படி இருந்தது என்று காட்டலாம். நீங்கள் அனுப்பிய படங்களில் அஞ்சடியின் (வீட்டு முகப்பில் கூரைக்குக் கீழே உள்ள நடைபாதை) தரையில் பூவேலை ஓடுகளும் வாசலுக்கு மேலே உள்ள காற்றுத் துளைகளும் அப்படியே இருக்கின்றன, நல்லது. ஆனால் மூன்றாவது படத்தில் உங்கள் மாடியிலேயே அலுமினிய ஜன்னல் பளபளக்கிறது. ஆணையத்து அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்போது அவசரமான விஷயம். பாதுகாப்பு அறிவிப்பு விற்பனையைத் தடுக்காது, இடிப்பதைத்தான் தடுக்கும். அதுவும் நேரத்தோடு வந்தால்தான். அந்த இரண்டு வீடுகளுக்கு மறுகட்டுமானத் திட்ட அனுமதி கிடைத்துவிட்டதா என்று ஆணையத்தின் இணையத்தளத்தில் முகவரியைப் போட்டு இன்றைக்கே பாருங்கள். கிடைத்திருந்தால், உண்மையைச் சொல்கிறேன், அவற்றை மறந்துவிட்டு மற்ற 16 வீடுகளுக்காக மனு எழுதுவதே புத்திசாலித்தனம். நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். முடிவு எடுத்த முறை சட்டப்படி சரியா என்றுதான் அங்கே பார்ப்பார்கள், தெரு அழகா என்று பார்க்க மாட்டார்கள். அந்தச் செலவு வேண்டாம்.

தேசிய மரபுடைமைக் கழகம் வைக்கும் நினைவுப் பலகையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பலகை நன்றாக இருக்கும், இடிப்பதைத் தடுக்காது.

கையெழுத்துப் போட்ட 14 பேருக்கும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அறிவிப்பு வந்தால் அது அவர்கள் வீட்டையும் கட்டிப்போடும். கூரை ஓடு, முகப்பு, ஜன்னல் எதைத் தொட்டாலும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் குற்றம். பின்புறம் நீட்டிக் கட்ட வழி உண்டு, ஆனால் விதிகளுக்குள். இதைக் கேட்டதும் இரண்டு மூன்று பேர் பின்வாங்கலாம். பாதி வழியில் பின்வாங்குவதைவிட இப்போதே பின்வாங்கட்டும்.

அப்புறம், கழற்றிய மர ஜன்னல்கள் பின்கட்டில் கிடப்பதாக எழுதியிருந்தீர்களே, அவற்றைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள்.