சாயத் தண்ணீரும் கரியும்: வாசகர் கேள்விகள்

அடுப்புக்கரியைச் சாயத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நிறம் போகவே இல்லையே?

போகாது. சாயத்தைப் பிடிப்பது கிளர்வூட்டிய கரி. அடுப்புக்கரியின் துளைகளைத் தார் அடைத்திருக்கும். 800, 900 டிகிரி செல்சியஸில் நீராவி செலுத்திச் சுட்டால் அவை திறக்கும். அப்புறம் ஒரு கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குக்கூடப் பரப்பு கிடைக்கும். சாயம் ஒட்டுவது அந்தப் பரப்பில்தான்.

கல்லூரி புராஜெக்ட்டில் மரத்தூள் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை உறிஞ்சிவிட்டது. திருப்பூர்ச் சாயப் பட்டறைத் தண்ணீருக்கும் சரிவருமா?

அவசரப்படாதீர்கள். மெத்திலீன் நீலம் நேர்மின் சுமை கொண்டது. நீரில் மரத்தூளின் பரப்பு எதிர்மின் சுமை பெறும். இரண்டும் ஒட்டுவதில் அதிசயமில்லை. பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களோ எதிர்மின் சுமை கொண்டவை. மரத்தூள் அவற்றை விலக்கும். அமிலம் ஊற்றி பி.எச். (அமில-கார அளவு) குறைத்தால் ஓரளவு ஒட்டும். ஆனால் பட்டறைத் தண்ணீரில் சோடா உப்பு ஏராளம். ஊற்றும் அமிலத்தை அது தின்றுவிடும். அமிலச் செலவு மரத்தூளின் மலிவை விழுங்கிவிடும். போதாக்குறைக்குப் பச்சை மரத்தூளின் சொந்தச் சாறும் இறங்கி சி.ஓ.டி.யை (தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவை) ஏற்றும். காய்ச்சி வடித்த நீரில் ஒரே சாயத்தைக் கரைத்துச் செய்த சோதனையை வைத்து ஆலை போடக் கூடாது. பட்டறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து மறுபடி செய்து பாருங்கள்.

அப்படியானால் கொட்டாங்குச்சிக் கரி?

குடிநீரின் வாடை போக்க அருமையான சரக்கு. ஆனால் அதன் துளைகள் மிகச் சிறியவை. பருத்த ரியாக்டிவ் மூலக்கூறுகள் பலவும் நுழைய முடியாமல் வாசலிலேயே நிற்கும். பாஸ்பாரிக் அமிலமிட்டுச் சுட்ட மரக்கரிக்குத் துளை பெரிது. சாயத்துக்கு அதைத்தான் முதலில் சோதிப்பேன்.

கரியால் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) குறையுமா?

குறையாது. கரைந்த உப்புக்கு ஆர்.ஓ.தான். திருப்பூர் வழியே ஓடும் நொய்யலாற்றைக் கெடுத்ததில் நிறத்தோடு உப்புக்கும் பெரும்பங்கு உண்டு.

சாயம் ஏறிய கரியைத் தென்னைக்கு எருவாகப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். சாயம் அழியவில்லை, தண்ணீரிலிருந்து கரிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மண்ணின் பி.எச். மாறினால் மறுபடி இறங்கும். கிளர்வூட்டிய கரியை உலையில் சுட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எரிந்து போகும். மரத்தூளுக்கு அந்த வழியும் இல்லை. சாயம் ஏறிய மரத்தூளை அனுமதி பெற்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கோ சிமென்ட் உலைக்கோ அனுப்ப வேண்டும். "இலவச மரத்தூள்" என்று கணக்குப் போடும்போது அந்த லாரி வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.