மண்டபம் கார்டு பத்திரமாக இருக்கிறதா? மலை வாசகர்களின் குடியுரிமைக் கேள்விகள்

தாத்தா 1973-ல் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து டேன்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்தவர். வெளிநாட்டவருக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது, சிலோன்காரர்களைக் கணக்கெடுத்துப் பிடிப்பார்கள் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். நிஜமா? (பந்தலூர்)

வதந்தி. உங்கள் தாத்தா அகதியாக வந்தவரே அல்ல. 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொண்ட 5,25,000 பேரில் அவரும் ஒருவர். இந்தியக் குடியுரிமையை அங்கேயே வாங்கிக்கொண்டு, இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். 1968-ல் டேன்டீ தோட்டங்கள் போடப்பட்டதே இப்படித் தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான். அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே பிறந்த இந்தியர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது 2025 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம். 1946-ம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு இதைக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. சந்தேகம் என்று வந்துவிட்டால், ‘நான் வெளிநாட்டவன் இல்லை’ என்று நிரூபிக்க வேண்டியது சம்பந்தப்பட்டவர்தான். அதனால் தாத்தாவின் பாஸ்போர்ட்டையும், வந்திறங்கியவர்களுக்கு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப கார்டையும் இன்றே தேடி எடுங்கள். கூடலூர் பக்கத்து மழைக்குப் பாஸ்போர்ட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முத்திரை பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம் என்று வந்த கேஸ்கள் என் மேசையில் உண்டு. ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். லேமினேஷனும் வேண்டாம். ஸ்கேன் எடுத்து, நோட்டரி நகல் இரண்டு வையுங்கள். கார்டு தொலைந்திருந்தால் சென்னை மறுவாழ்வுத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். டேன்டீயின் பழைய பணிப் பதிவேட்டு நகலும் துணைக்கு நிற்கும்.

கணவர் 1990-ல் சிறு பையனாக வவுனியாவிலிருந்து படகில் வந்தவர், முகாம் பதிவு உண்டு. நான் இந்தியக் குடிமகள். மகளுக்கு 11 வயது. அவள் எந்த நாட்டுப் பிள்ளை? (குன்னூர்)

அம்மா, சட்டம் இங்கே கல் மாதிரி. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. விசா இல்லாமல் படகில் வந்தவரை அதிகாரிகள் அந்தக் கணக்கில்தான் வைக்கிறார்கள். அதனால் உங்கள் மகளைப் பிறப்பால் இந்தியர் என்று ஏற்க மாட்டார்கள்.

புதுச் சட்டத்தோடு வந்த விலக்கு ஆணையால் உங்கள் கணவருக்கு ஒரு நிம்மதி உண்டு. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனைப் பிரிவு பாயாது. இதையே குடியுரிமை கிடைத்துவிட்டதாகச் சிலர் கொண்டாடியதைப் பார்த்து எனக்குச் சங்கடமாக இருந்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருப்பவரை இப்படி வாசற்படியிலேயே உட்கார வைத்திருப்பது நியாயமில்லை என்பது என் கட்சி.

மகளுக்கு ஒரு வழி இருக்கிறது. சிறப்புச் சூழலில் எந்த மைனர் பிள்ளையையும் குடிமகனாகப் பதியக் குடியுரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆன்லைனில் விண்ணப்பித்து, நகலைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 18 வயது முடியும் முன் நடக்க வேண்டிய காரியம் இது. பதிலே வராவிட்டால் உயர் நீதிமன்றம் போகலாம், அப்போது அந்தச் சீட்டுதான் பேசும்.

அகதி முகாமில் 1986-ல் பிறந்தவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்குமா? (கொடைக்கானல்)

கிடைக்கும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் இதைச் சொல்லித்தான் பாஸ்போர்ட் தரச் சொன்னது. பிறப்புச் சான்றிதழ் மட்டும் கையில் இருக்கட்டும்.

மகன் இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டான், விசா முடியப் போகிறது. அங்குள்ள ஏஜென்ட் ‘அசைலம் (அகதி அடைக்கலம்) போடு, தங்கிவிடலாம்’ என்கிறாராம். (கோத்தகிரி)

ஏஜென்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டீர்களே, நல்லது. உங்கள் ஹட்டியில் (ஊரில்) மகனை யாரும் துன்புறுத்தவில்லை, கேரட்டுக்கு விலை இல்லை, அவ்வளவுதானே. அது அடைக்கலக் காரணம் ஆகாது. இந்தியாவைப் பாதுகாப்பான நாடுகள் பட்டியலில் சேர்ப்பதாக 2023 நவம்பரிலேயே பிரிட்டன் அறிவித்தது. மனு நிலுவையில் இருக்கும்போது வேலை அனுமதி கேட்கவே 12 மாதம் காத்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் இன்னும் இறுக்கினார்கள்: இனி அகதி அந்தஸ்து இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை, நிரந்தரமாகத் தங்க 20 வருஷம் என்று திட்டம். பொய் மனு தள்ளுபடியானால் அடுத்த விசா விண்ணப்பங்களில் அதைச் சொல்லியாக வேண்டும். வேலை விசாவுக்கு ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்றால் ஊருக்கு வரச் சொல்லுங்கள்.

நிஜமாகவே உயிருக்கு ஆபத்து உள்ளவர் கதை வேறு. அவர் ஏஜென்டை விட்டுவிட்டு, அங்கே பதிவு பெற்ற வக்கீலிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

முகாமில் உள்ள சித்தப்பா மன்னாருக்கே திரும்ப ஆசைப்படுகிறார். (ஊட்டி)

அவசரப்பட வேண்டாம். ஐ.நா. அகதிகள் ஆணையம் மூலம் திரும்பிய 75 வயதுப் பெரியவரையே, அந்தக் காலத்தில் முறையான ஆவணமில்லாமல் நாட்டை விட்டுப் போனதாகச் சொல்லி 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். பிறகு ஜாமீனில் வந்தார். சித்தப்பா பயண ஆவணத்தைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் வாங்கட்டும். இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பையும் அங்கேயே பதிந்து, இலங்கைக் குடியுரிமைச் சான்று கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.