மன்னித்த பிறகும் மனசு ஆறவில்லை என்றால்

மாமியாரை மன்னித்துவிட்டதாக ஜெபித்த பிறகும் அவர் குரல் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, இது விசுவாசக் குறைவா என்று எழுதியிருந்தீர்கள். இல்லை, அது விசுவாசக் குறைவு அல்ல. மன்னிக்க ஒருவர் போதும்; ஒப்புரவாக, அதாவது உறவு மறுபடி சேர, இருவர் வேண்டும். வேதாகமத்தில் ரோமர் 12:18-ஐ நிதானமாக வாசியுங்கள். எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்று சொல்லுமுன், "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் பவுல் ஆரம்பிக்கிறார். மாமியாரின் பங்கையும் உங்கள் கணக்கில் எழுதவில்லை.

மனசு ஆறாததற்கு எனக்குப் படும் காரணம் ஒன்று உண்டு. ஜெபம் என்ற பெயரில் பல நேரம் நாம் புகார்ப் பட்டியல்தான் வாசிக்கிறோம். நானும் ஒருவருக்காக மாதக்கணக்கில் "ஆண்டவரே, அவரை மாற்றும்" என்றே மன்றாடினேன். முழங்காலிலிருந்து எழும்போது கோபம் முன்பைவிடக் கூடியிருக்கும்!

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்:

1. அவர் செய்ததைச் சொல்லாமல், பெயரை மட்டும் சொல்லி, அவருக்கு இருக்கும் ஒரு தேவைக்காக ஜெபியுங்கள். மூட்டுவலி, தூக்கமின்மை, ஏதாவது. இரண்டு நிமிடம் போதும்.

2. வார்த்தையே வரவில்லையா? காயம் இன்னும் பச்சையாக இருக்கிறது. சங்கீதம் 55 நெருங்கிய நண்பனின் துரோகத்தை அப்படியே கொட்டுகிறது. நீங்களும் முதலில் கொட்டிவிடுங்கள்.

ஆனால் அடி, மிரட்டல் இருந்தால் கதையே வேறு. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா, இனி தீங்கு செய்யமாட்டேன், திரும்பி வா என்று அழைத்தும் தாவீது அவரோடு போகவில்லை (1 சாமுவேல் 26). கையில் கிடைத்த சவுலைக் கொல்லவும் இல்லை. அந்த நிலைமை என்றால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய், நம்பகமான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். ஜெபத்தை அங்கிருந்தும் தொடரலாம்.