அப்பாவிடம் பட்டன் போன், மோட்டாருக்கு எந்த ஸ்டார்ட்டர்?

கேள்வி: முசிறி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் வாழை, ஏழரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். த்ரீ பேஸ் கரண்ட் நடுராத்திரியில் வந்தால் 66 வயது அப்பா டார்ச் லைட்டோடு கிளம்புகிறார். நான் சென்னையில் இருக்கிறேன். ஆப்பில் இயங்கும் ஸ்டார்ட்டர் 11,000 ரூபாய், போன் கால் மட்டும் உள்ளது 5,500 ரூபாய் என்கிறார் கடைக்காரர். அப்பாவிடம் பட்டன் போன்தான். எதை வாங்கலாம்?

பதில்: போன் கால் உள்ளதையே வாங்குங்கள். ஆப் வைத்தால் மோட்டார் உங்கள் கைக்குப் போய்விடும், வாழைக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்று தெரிந்த அப்பா உங்களுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும். கால் செய்தால் தமிழில் பேசி, இந்த எண்ணை அழுத்தினால் ஓடும், இதை அழுத்தினால் நிற்கும் என்று சொல்கிற கருவிகள் இருக்கின்றன. எங்கள் பெரியப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர், இரண்டே நாளில் பழகிக்கொண்டார். மடை திருப்ப எப்படியும் வயலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், ஆனால் கரண்ட் வந்ததா என்று பார்க்க மட்டும் இருட்டில் வரப்பில் நடக்கிற வேலை மிச்சம்.

கடையில் காட்டுகிற டெமோவை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் மோட்டார் கொட்டகையில் மாட்டி, அப்பா கையால் நாலு தடவை போட்டு நிறுத்திப் பார்த்த பிறகு மீதிப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். சிக்னல் கொட்டகைக்குள் கிடைக்க வேண்டும், வீட்டில் கிடைத்துப் பயனில்லை. இன்னொன்று, கருவிக்குள் ஒரு சிம் போட வேண்டும். 2ஜி கருவி என்றால் அதில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. பலர் வாங்கிவந்த பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். கருவியில் போடுகிற சிம்முக்கும் தொடர்ந்து ரீசார்ஜ் செய்ய வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

மூன்று பேஸில் ஒன்று போனாலும், போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போனாலும் தானாக நிறுத்துகிற வசதி அதில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கிட்டே ஆள் இல்லாமல் மோட்டார் சும்மா ஓடினால் காயில் கருகிவிடும், அப்புறம் போரிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலியே தனி.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். உங்கள் எண்ணையும் கருவியில் பதிந்தால், அப்பாவிடம் பேசாமல் சென்னையிலிருந்து மோட்டாரைப் போடவே கூடாது. அவர் அந்த நேரம் வயரில் கை வைத்திருக்கலாம். கொட்டகையில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை இறக்கும் பழக்கம் அவருக்கும் வர வேண்டும், ஏனென்றால் ஸ்டார்ட்டரை ஆட்டோ மோடில் விட்டிருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும்.

வாங்கும் முன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் பற்றிக் கேட்டுவிடுங்கள். வாங்கி மாட்டிவிட்டுப் போய்க் கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். பில்லும், சீரியல் எண் எழுதிய வாரண்டி கார்டும் அப்பா பெயரிலேயே இருக்கட்டும். பழுதாகிக் கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். அதிலும் தீரவில்லையென்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. விவசாயத்துக்கு வாங்கியதற்கு அங்கே கேட்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.