உதட்டு ரேகையில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிற மகளுக்கும் பயப்படும் பெற்றோருக்கும்

மகள் தடயவியல் படிக்க வேண்டும் என்கிறாள், அதிலும் உதட்டு ரேகையில்தான் ஆராய்ச்சி என்று பிடிவாதமாக இருக்கிறாள், இதை நம்பி அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். உதட்டு ரேகைக்கென்று தனி வேலை எங்கும் இல்லை. இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அதற்காகத் தடயவியலே வேண்டாம் என்று தடுத்துவிடாதீர்கள்.

அவளுக்கு ஆர்வம் வந்ததில் வியப்பில்லை. உதட்டின் மேல் ஓடும் கோடுகளை 1902-லேயே ஃபிஷர் என்பவர் விவரித்தார். ஆளை அடையாளம் காண இவை உதவும் என்று பிரான்ஸின் தடயவியல் அறிஞர் எட்மண்ட் லொகார்ட் 1932-ல் சொன்னார். ஜப்பானில் சுஸுகியும் சுசிஹாஷியும் 1970 வாக்கில் அந்தக் கோடுகளை வகை பிரித்தார்கள்: நேராக முழுநீளம் ஓடுபவை, பாதியில் நிற்பவை, கிளைவிடுபவை, குறுக்கே வெட்டிக்கொள்பவை, வலையாகப் பின்னியவை, இவை எதிலும் அடங்காதவை. இன்றும் பெரும்பாலான ஆய்வுகள் இந்த வகைப்பாட்டைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

சரி, பிறகு ஏன் இது கைரேகை அளவுக்கு வளரவில்லை? உதடு மென்மையானது, அசைந்துகொண்டே இருப்பது. ஒரே ஆள் ஒரே கண்ணாடிக் குவளையில் இரண்டு முறை உதட்டைப் பதித்தால், அழுத்தமும் கோணமும் உதட்டுச் சாயத்தின் அளவும் மாறி, பதிவும் மாறிப்போகும். வெடிப்பும் புண்ணும் கோடுகளைக் குழப்பும். இறந்தபின் உதடு உலர்ந்து சுருங்கிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடு இருந்தபோது எடுத்த பதிவு எவருக்கும் இருப்பதில்லை. பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் முதன்மையாக ஏற்பவை கைரேகை, பல், டிஎன்ஏ ஆகியவைதான்; உதட்டு ரேகை அதில் இல்லை.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1990-களில் ஒரு கொலை வழக்கில், ஒட்டும் டேப்பில் இருந்த உதட்டுப் பதிவைச் சான்றாக ஏற்று ஒருவரைத் தண்டித்தார்கள். ஆண்டுகள் கழித்து அந்த வழக்கை மறுபடி விசாரிக்க உத்தரவானது. உங்கள் மகள் இந்தத் துறைக்குள் போவதானால் இந்த வழக்கை முழுதாகப் படித்துவிட்டுப் போகட்டும். ஒரு நிபுணர் தன் சான்றின் வலிமையை மிகைப்படுத்திச் சொன்னால் பாதிக்கப்படுவது ஒரு மனிதரின் வாழ்க்கை.

அடிப்படைப் படிப்பை அகலமாக எடுக்கச் சொல்லுங்கள். பல் மருத்துவம் படித்துப் பல் தடயவியலுக்குப் போகலாம். உதட்டு ரேகை ஆய்வு அதிகம் நடப்பது அங்கேதான். மருத்துவம் படித்துத் தடய மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கலாம். பிரேதப் பரிசோதனை அன்றாட வேலையாக இருக்கும், அதற்கு மனம் ஒப்புகிறதா என்று அவளையே கேளுங்கள். இரண்டும் வேண்டாமென்றால் வேதியியலோ உயிரியலோ படித்து ஆய்வகத்துக்குப் போகலாம். உதடு பட்ட இடத்தில் எச்சில் இருந்தால் அதில் டிஎன்ஏ கிடைக்கக்கூடும், கோடுகளைவிட அதற்குத்தான் மதிப்பு. அப்புறம், புள்ளியியலை விட்டுவிட வேண்டாம், ஒரு சான்று எவ்வளவு வலுவானது என்று அளக்க அது வேண்டும்.

உதட்டு ரேகையை ஆய்வேடாக எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஆயிரம் பேரின் பதிவை வகை பிரித்து எண்ணும் வேலை ஏற்கெனவே நிறைய நடந்துவிட்டது. பலரிடம் ஆளுக்குப் பல பதிவுகள் எடுத்து, எது யாருடையது என்று சொல்லாமல் பல ஆய்வாளர்களிடம் கொடுத்து, எத்தனை தடவை தவறுகிறார்கள் என்று அவள் அளந்து பார்க்கட்டும். சேர்வதற்கு முன், இப்படி ஓர் ஆய்வுக்கு வழிகாட்டுவீர்களா என்று அந்தத் துறைப் பேராசிரியரிடம் அவளே கேட்கட்டும்.