மாரியோவின் மீசை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தொண்ணூறுகளில் டிவியில் கேசட் போட்டு மாரியோ ஆடி வளர்ந்தவன் நான். அண்மையில் ஒரு காணொளி பார்த்தேன். வாய் வரைய இடமில்லாததால் மீசை, தலைமுடி வரைவது கஷ்டம் என்பதால் தொப்பி என்று அதில் சொன்னார்கள். பாப்பாய் என்ற கார்ட்டூன் மாலுமியை வைத்துச் செய்ய நினைத்த ஆட்டமாம் அது, உரிமை கிடைக்காததால் இந்த ஆள் வந்தாராம். அப்படியென்றால் வடிவமைத்தவரின் திறமை என்று இதில் என்ன இருக்கிறது? இயந்திரத்தின் போதாமையும் அதிர்ஷ்டமும்தானே? மாரியோ என்பது ஒரு கட்டட உரிமையாளரின் பெயர் என்பதும் உண்மையா?

எம்.

அன்புள்ள எம்,

காணொளியில் சொன்னதெல்லாம் சரிதான். அதிலிருந்து நீங்கள் போய்ச் சேர்ந்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1980-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'ராடார் ஸ்கோப்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டி அது. அதன் அமெரிக்கக் கிளை ஏறத்தாழ 3,000 இயந்திரங்களை வரவழைத்தது. மூன்றில் ஒரு பங்குதான் விற்றது, மற்றவை கிடங்கில் தேங்கின. அந்தப் பெட்டிகளுக்குள் போட வேறொரு ஆட்டம் அவசரமாகத் தேவைப்பட்டது. வேலை ஷிகெரு மியாமோட்டோவிடம் வந்தது. கனசாவாவில் தொழில்துறை வடிவமைப்பு படித்துவிட்டு 1977-இல் நிண்டெண்டோவில் சேர்ந்தவர். மேற்பார்வைக்கு குன்பே யோகோய். பாப்பாய்க்கு உரிமை கிடைக்கவில்லை என்றதும் அவனுடைய எதிரியான முரடனின் இடத்தில் ஒரு குரங்கும், மாலுமியின் இடத்தில் ஒரு தச்சரும் வந்தார்கள். 1981-இல் 'டாங்கி காங்' என்ற பெயரில் ஆட்டம் வெளியானது. அந்தத் தச்சர்தான் பின்னாளில் நம் மாரியோ.

சரி, இனி அந்தத் தச்சரைப் பார்ப்போம். கட்டம் போட்ட தாளில் அகலத்துக்கு 16, உயரத்துக்கு 16 என்று ஒரு சதுரம் வரையுங்கள். அதற்குள் ஒரு மனிதன் ஓட வேண்டும், ஏணி ஏற வேண்டும், உருண்டு வரும் பீப்பாயைத் தாண்டிக் குதிக்க வேண்டும். கையில் மூன்றே நிறங்கள்: சிவப்பு, நீலம், தோல்நிறம். கண்ணையும் மூக்கையும் வைத்த பிறகு வாய்க்கென்று ஒதுக்க ஒன்றிரண்டு கட்டம் மிஞ்சலாம். அதில் என்ன வரைந்தாலும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அழுக்குப் போலத்தான் தெரியும். மியாமோட்டோ மூக்கைப் பெரிதாக்கி, அதன் கீழே மீசையை வைத்தார். இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாகத் தெரிகின்றன. அதோடு ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதும் ஒரே பார்வையில் புரிந்துவிடுகிறது. ஆடுகிறவருக்கு வாயைவிட அதுதான் முக்கியம்.

உடையும் அப்படித்தான். சட்டையும் கால்சட்டையும் ஒரே நிறமாக இருந்தால் வீசும் கை உடம்போடு கலந்துபோகும், ஓடுவதே தெரியாது. அதனால்தான் தோளில் பட்டை மாட்டிய சிவப்புக் கால்சட்டை, உள்ளே நீலச் சட்டை. சிவப்பின் மேல் நீலக் கை முன்னும் பின்னும் போகும்போது ஓட்டம் கண்ணில் படுகிறது. குதிக்கும்போது முடி பறப்பதைக் காட்ட வேண்டிய தொல்லையைத் தொப்பி தீர்த்தது. அந்த முதல் ஆட்டத்தின் படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். முடியும் மீசையும்கூட நீலம்தான், சட்டையின் அதே நீலம்! ஆனால் ஆடும்போது யாருக்கும் அது உறுத்துவதில்லை.

வாய்க்கு இடமில்லை என்று சொன்னது இயந்திரம். மீசை வை என்று அது சொல்லவில்லை. முகத்தையே காட்டாமல் விட்டிருக்கலாம், ஹெல்மெட் மாட்டியிருக்கலாம். கட்டுமான இடத்தில் நடக்கும் கதைக்குத் தொப்பியும் தோள்பட்டைக் கால்சட்டையும் போட்ட தொழிலாளி பொருந்துவார் என்று கண்டது ஒரு மனிதனின் மூளை. ஒவ்வொரு சிக்கலுக்கும் அவர் தேர்ந்த விடை அடுத்த விடையோடு சேர்ந்துகொண்டு ஒரே ஆளாக நிற்கிறது. எனக்கு இன்றும் வியப்பு தருவது அதுதான். 1996-இல் முப்பரிமாண மாரியோ வந்தபோது வாய் வரையத் தாராளமாக இடமிருந்தது. மீசையை எடுத்தார்களா என்ன?

பெயர் விஷயமும் உண்மைதான். முதலில் அவருக்குப் பெயர் 'ஜம்ப்மேன்'. வாஷிங்டன் மாநிலத்தில் நிண்டெண்டோ வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கின் உரிமையாளர் மாரியோ செகாலி. அமெரிக்க ஊழியர்கள் அவர் பெயரை இவருக்கு வைத்துவிட்டார்கள். இதை அதிர்ஷ்டம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் வாதத்துக்கு இன்னும் நல்ல உதாரணம் லூயிஜி. 1983-இல் 'மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்துக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டார். மாரியோ தச்சரிலிருந்து பிளம்பரானதும் அதில்தான். நினைவகம் போதாது. அதே உருவத்துக்கு நிறத்தை மட்டும் மாற்றித் தம்பி என்றார்கள். போதாமை மட்டுமே முடிவெடுத்தால் கிடைப்பது இப்படி ஒரு நகல்தான். 1986-இல் ஜப்பானில் வந்த இரண்டாம் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் அவர் அண்ணனைவிட உயரமாகக் குதிக்க ஆரம்பித்தார், நிற்கச் சொன்னால் வழுக்கினார். 1988-இல் அமெரிக்காவில் அதே பெயரில் வந்த வேறோர் ஆட்டத்தில் ஆளும் நெட்டையானார். யாரோ உட்கார்ந்து யோசித்து அப்படி முடிவெடுத்த பிறகுதான் லூயிஜி என்று தனியாக ஒருவர் நமக்குக் கிடைத்தார்.