மிச்சிகனின் நான்கு பிரதிநிதிகள்

வணக்கம் சார்,

அமெரிக்க உள்கட்சித் தேர்தல்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் 2008-இல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளருக்காக ஹிலரி கிளின்டனும் ஒபாமாவும் மோதிய போட்டியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 'ஹிலரி கிளின்டன் விதிப்படி தோற்றார்' என்று எழுதியிருந்தீர்கள். எந்த விதிப்படி? புளோரிடாவிலும் மிச்சிகனிலும் லட்சக்கணக்கான பேர் போட்ட வாக்கைப் பாதியாக வெட்டினார்களே, அந்த விதியா? மிச்சிகனில் அவருக்குச் சேர வேண்டிய நான்கு பிரதிநிதிகளை (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பவர்களை) எடுத்து ஒபாமாவுக்குக் கொடுத்தது எந்த விதி? கடைசியில் டென்வர் மாநாட்டில் அவர் வாயாலேயே ஒபாமாவை அறிவிக்க வைத்தார்கள். அவர் தோல்வியை ஒப்புக்கொண்டிருக்கவே கூடாது என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் கடந்தது என் தவறுதான். மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

2008 ஜனவரி 15 அன்று அங்கே வாக்களிக்கப் போன ஜனநாயகக் கட்சிக்காரர் கையில் கிடைத்த சீட்டில் ஒபாமா பெயர் இல்லை. ஜான் எட்வர்ட்ஸ் பெயரும் இல்லை. கிளின்டன், கிறிஸ் டாட், மைக் கிராவல், டென்னிஸ் குசினிச், அப்புறம் 'யாரையும் சாராதவர்' என்ற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான். ஒபாமா பெயரைக் கையால் எழுதிப் போட்டாலும் எண்ண மாட்டார்கள். அவரை விரும்பியவர் அந்தக் கடைசி வரியில்தான் குறியிட வேண்டும். சுமார் 40 சதவீதம் பேர் அப்படிச் செய்தார்கள். கிளின்டனுக்கு 55 சதவீதம் விழுந்தது. எப்படியும் செல்லாத தேர்தல் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

செல்லாத தேர்தல் என்று ஏன் சொன்னார்கள்? பிப்ரவரி 5-க்கு முன் அயோவா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டுமே தேர்தல் நடத்தலாம் என்பது கட்சி விதி. புளோரிடாவும் மிச்சிகனும் முந்திக்கொண்டன. விதிப்புத்தகத்தில் இதற்கான தண்டனை, பிரதிநிதிகளில் பாதியை இழப்பது. ஆனால் 2007-இல் கட்சியின் விதிகள் குழு அதையும் தாண்டிப் போய் முழுவதையும் பறித்தது. அப்போது பறிக்கச் சொல்லி வாக்களித்தவர்களில் ஒருவர் ஹரால்ட் இக்கிஸ். பின்னால் கிளின்டனுக்காகப் பிரதிநிதிக் கணக்கைப் பார்த்துக்கொண்டவரும் இவரேதான். மிச்சிகன் தேர்தல் எதற்கும் கணக்கில் வராது என்று 2007 அக்டோபரில் நியூ ஹாம்ப்ஷயர் வானொலியில் கிளின்டனே சொன்னார். மூன்று மாதம் கழித்து, புளோரிடா வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, இரண்டு மாநிலப் பிரதிநிதிகளையும் மாநாடு ஏற்க வேண்டும் என்று கேட்டார். இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. எதிராளியின் பெயரே இல்லாத சீட்டில் விழுந்த வாக்கைக் காட்டி 'மக்கள் வாக்கில் நான்தான் முன்னிலை' என்று சொல்லலாமா?

வாக்காளர்கள்தான் பாவம். புளோரிடாவில் தேதியை முன்னால் நகர்த்தியது குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல, மாநிலமும் கட்சியும் மோதிக்கொண்டதில் அடி வாங்கியது வரிசையில் நின்றவர்கள்.

இனி உங்கள் 'பாதியாக வெட்டினார்கள்' என்ற வரி. மே 31 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் விதிகள் குழு கூடியபோது இரண்டு மாநிலங்களின் மதிப்பும் பூஜ்யம். அதைத்தான் பிரதிநிதி ஒருவருக்கு அரை வாக்கு என்று உயர்த்தினார்கள். முதலிலேயே விதிப்புத்தகம் சொன்ன தண்டனை அது. புளோரிடா முடிவை எதிர்த்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை.

மிச்சிகன் விஷயம் வேறு. அங்கே நீங்கள் சொல்வதுதான் சரி. விழுந்த வாக்குப்படி பிரதிநிதிகள் கிளின்டனுக்கு 73, 'யாரையும் சாராதவர்' வரிக்கு 55. ஒபாமா தரப்பு கேட்டது சரிபாதி, அதாவது 64-க்கு 64. மாநிலக் கட்சி இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு 69-க்கு 59 என்றது. குழு அதை 19-க்கு 8 என்ற வாக்கில் ஏற்றுக்கொண்டது. இப்படி நடுக்கோடு போடச் சொல்லி எந்த விதியும் இல்லை. நான்கு பிரதிநிதிகளைக் கடத்துகிறீர்கள் என்று இக்கிஸ் அங்கேயே கொதித்தார். அரங்கில் இருந்த கிளின்டன் ஆதரவாளர்கள் மாநாடு வரை போராடுவோம் என்ற பொருளில் 'டென்வர்! டென்வர்!' என்று முழங்கினார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான்கு பிரதிநிதிகள், அரை வாக்கு வீதம், மொத்தம் இரண்டே வாக்கு. ஒபாமாவின் முன்னிலையோ அப்போது 150-க்கும் மேல். முடிவு மாறியிருக்காதுதான். அதற்காக எடுத்தது சரி என்று ஆகிவிடாது.

ஒப்புக்கொள்வது பற்றி. மார்ச்சிலிருந்தே அவரை விலகச் சொன்னவர்கள் உண்டு, அதில் எனக்கு உடன்பாடில்லை. ஓஹியோ, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி என்று ஜெயித்துக்கொண்டே வந்தவர் எதற்காக விலக வேண்டும்? ஜூன் 3 வரை நின்றதால் கடைசி மாநிலம் வரைக்கும் மக்கள் வாக்குக்கு ஓர் அர்த்தம் இருந்தது. அன்று இரவு ஒபாமா, வேட்பாளராகத் தேவையான 2,118 பிரதிநிதி வாக்குகள் என்ற வரம்பைத் தாண்டினார். அதற்குப் பிறகும் களத்தில் நிற்பதென்றால் மிச்சம் ஒரே வழி, தேர்தல் தந்த முன்னிலையை மாற்றிவிடும்படி சூப்பர் டெலிகேட்டுகளிடம் (தேர்தல் முடிவுக்குக் கட்டுப்படாமல் வாக்களிக்கும் கட்சிப் பிரமுகர்களிடம்) கேட்பது. 1980-இல் அதிபர் கார்ட்டரை எதிர்த்து உள்கட்சித் தேர்தலில் நின்ற டெட் கென்னடி கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். கார்ட்டர் ஜெயித்த பிரதிநிதிகளை மாநாட்டில் கட்டவிழ்த்துவிடும்படி விதியை மாற்றச் சொன்னார். நியூயார்க் மாநாடு 1,936-க்கு 1,390 என்று மறுத்தது. அதற்குப் பிறகே அவர் விலகினார். கிளின்டன் அவ்வளவு தூரம் போகவில்லை. ஜூன் 7 அன்று பிரச்சாரத்தை நிறுத்தி, ஒபாமாவுக்கு ஆதரவு கேட்டார்.

டென்வரை நீங்கள் அவமானம் என்கிறீர்கள். ஆகஸ்ட் 27 அன்று மாநிலம் மாநிலமாக வாக்கைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள், கிளின்டனுக்கு விழுந்த வாக்குகளையும் சேர்த்தே. நியூ மெக்சிகோ தன் முறையை ஒபாமாவின் இல்லினாய்ஸுக்கு விட்டுக்கொடுத்தது, இல்லினாய்ஸ் அதைக் கிளின்டனின் நியூயார்க்குக்கு விட்டுக்கொடுத்தது. அவர் தன் மாநிலத்தவர் நடுவில் நின்று, எண்ணிக்கையை நிறுத்திவிட்டு ஒபாமாவை ஒருமனதாக அறிவிக்கலாம் என்று முன்மொழிந்தார். அவரை யாரும் மண்டியிட வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. முடித்துவைக்கும் உரிமையை அவர் கையில் கொடுத்தார்கள், அவரும் நிமிர்ந்து நின்று முடித்துவைத்தார். புளோரிடா, மிச்சிகன் பிரதிநிதிகள் அந்த அரங்கில் முழு வாக்கோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். மாநாட்டுக்குச் சற்று முன்புதான் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

அன்புடன்.